செத்தவர்களால் வளரும் படை

1999-இல் வெளிவந்த ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ என்ற கணினி விளையாட்டில் நெக்ரோமான்சர் என்றொரு மந்திரவாதி வருவார். சண்டை முடிந்ததும், களத்தில் விழுந்துகிடக்கும் எதிரிகளில் ஒரு பங்கை எலும்புக்கூடுகளாக எழுப்பித் தன் படையில் சேர்த்துக்கொள்வார். கற்றுக்குட்டி நிலையில் நூற்றுக்குப் பத்து, தேர்ந்த நிலையில் நூற்றுக்கு முப்பது. காசு செலவில்லை. மனம் தளர்ந்து பின்வாங்குவது என்ற பேச்சும் அந்தப் படைக்குக் கிடையாது.

அவரை எதிர்க்கும் நம் நாயகனுக்கு எட்டுத் திறன்களுக்குத்தான் இடம். விளையாட்டில் இருப்பவையோ 28. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் இரண்டைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்பார்கள்.

புதிதாக ஆடுகிறவர் கண் முதலில் போவது காற்று மந்திரத்தின் மேல். பேய்ப்படையை அழிக்கவே ‘டெஸ்ட்ராய் அண்டெட்’ என்றொரு மந்திரம் அதில்தான் இருக்கிறது. பெயரே ஆசை காட்டும். ஆனால் நாயகனின் மந்திர வலிமை 10 என்று வைத்துக்கொண்டால், தேர்ந்த நிலையிலும் ஒரு கூட்டத்துக்கு அது தரும் அடி 150 புள்ளிகள்தான். ஒரு எலும்புக்கூட்டின் உயிர் 6 புள்ளி. ஆக, ஒரு வீச்சுக்கு 25 கூடுகள் உதிரும். கூட்டத்தில் 50 பேர் இருந்தால் பாதி காலி. ஆயிரம் பேர் இருந்தால் அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எதிரி பெருகப் பெருக மந்திரம் அப்படியே நிற்கிறது.

எதிரிப் படை ஏன் இப்படிப் பெருகுகிறது என்பதற்கு விடை விளையாட்டுக்கு வெளியே இருக்கிறது. ஃபிரெட்ரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தில் கார் செய்த பொறியாளர். முதல் உலகப் போர்க் காலத்தில் விமானச் சண்டையைப் பற்றி யோசித்தவர், 1916-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு விதியைச் சொன்னார்: எல்லாரும் எல்லாரையும் தாக்க முடிகிற சண்டையில் படையின் பலம் அதன் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. சம திறமையுள்ள 100 பேரும் 60 பேரும் மோதினால் 40 பேர்தான் மிஞ்சுவார்கள் என்று நினைப்போம். வர்க்கக் கணக்கு வேறு: 10,000-இல் 3,600 போக 6,400. அதன் வர்க்கமூலம் 80. அறுபது பேரையும் தீர்த்துவிட்டு எண்பது பேர் நிற்பார்கள்.

இதை மந்திரவாதிக்குப் போட்டுப் பார்ப்போம். (முறை வைத்து ஆடும் விளையாட்டுக்கு இந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தாது, போக்கைக் காட்டும்.) சாதாரணப் படை ஒன்று 100 பேருடன் கிளம்பி, அறுபது அறுபதாக வருகிறவர்களை எதிர்கொள்கிறது. முதல் சண்டைக்குப் பின் 80, இரண்டாவதற்குப் பின் 53. மூன்றாவது அறுபது பேர் அதை முடித்துவிடுவார்கள். தேர்ந்த மந்திரவாதிக்கோ ஒவ்வொரு முறையும் செத்த 60 பேரில் 18 பேர் எழுந்து வருகிறார்கள். முதல் சண்டைக்குப் பின் 98, அடுத்து 95, அதற்கடுத்து 92. மூன்று படைகளை விழுங்கியும் மேலில் கீறல்தான். எதிரே வருவது 50 பேராக இருந்தாலோ அவர் 102 ஆகிவிடுகிறார். அதாவது, தன் படையில் ஏறக்குறைய 55 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் எவரும் அவருக்குச் சாப்பாடு. கற்றுக்குட்டி மந்திரவாதிக்கு இந்தக் கோடு 20 சதவீதத்தில் நிற்கிறது. முப்பதுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது.

ஆக, சின்னச் சின்னப் படையாக அனுப்புவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. அதே இரண்டு அறுபதைச் சேர்த்து 120 ஆக்கி அனுப்பினால் மந்திரவாதி காலி, நம்மில் 66 பேர் மிச்சம். திறனைத் தேர்ந்தெடுப்பதும் இதையொட்டித்தான். என் முதல் ஓட்டு லாஜிஸ்டிக்ஸுக்கு. தேர்ந்த நிலையில் நிலத்தில் 30 சதவீதம் கூடுதல் நடை. நான்கு நாள் தூரம் ஏறக்குறைய மூன்று நாளாகச் சுருங்கும், மந்திரவாதி காட்டு விலங்குகளைத் தின்று கொழுப்பதற்குள் போய்விடலாம். அடுத்தது நில மந்திரம். தேர்ந்த நிலையில் ‘ஸ்லோ’ எதிரிப் படை முழுவதையும் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். நான்கு கட்டம் நடக்கும் எலும்புக்கூடு இரண்டு கட்டம் நகரும். நம் வில்லாளிகள் எய்துகொண்டே இருக்க, அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். வந்து சேராதவன் தாக்க முடியாது. வர்க்க விதியே அங்கே முடங்கிப்போகிறது. அடியைக் குறைக்கும் ஆர்மரர் அதன் பிறகுதான்: 15 சதவீதக் கவசம் 60 பேரை 65 பேருக்குச் சமமாக நிறுத்தும், அவ்வளவே.

செத்த உடலிலிருந்து படை திரட்டும் உயிர் நிஜத்திலும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்குப் பேர்போனது. பூலாம்பாடி, வேப்பந்தட்டைப் பக்கம் மானாவாரிக் காடுகளில் மழையை நம்பி விதைப்பார்கள். அமெரிக்கப் படைப்புழு 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டில் இங்கேயும் இறங்கியது. ஒரு தாய் அந்துப்பூச்சி ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். புழு குருத்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாயை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும். அதன் பிறகு தெளிக்கும் மருந்து மேலோடு வழிந்துவிடும்.

செத்த உடலிலிருந்து படை திரட்டுவது, இந்தப் புழுவைப் பிடிக்கும் மெட்டாரைசியம் ரைலேயி என்ற பூஞ்சை. வித்து புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, துளைத்து உள்ளே போய்ப் பெருகிப் புழுவைக் கொல்லும். செத்த புழு இலையிலேயே விறைத்து ஒட்டிக்கொள்ளும்; முதலில் வெள்ளை மாவு பூத்தாற்போல் இருந்து, பிறகு பச்சையாகும். அந்தப் பச்சை எல்லாம் வித்து. காற்றில் பறந்து அடுத்த புழுவைத் தேடும். இங்கேயும் ஒரு கோடு உண்டு: செத்த ஒரு புழு, சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட புழுக்களைச் சாகடித்தால் தொற்று பரவும், குறைந்தால் அணைந்துவிடும். வெயிலும் வறண்ட காற்றும் வித்தைக் கொல்லும், ஈரம் காப்பாற்றும். புழு நெருக்கமாக இருந்தால் பரவல் எளிது, அதற்குள் பயிர் பாதி போயிருக்கும்.

அதனால்தான் மெட்டாரைசியம் வகைப் பூஞ்சைகளைத் தெளிப்பவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு, புழு சின்னதாக இருக்கும்போதே, குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்கிறார்கள். பூஞ்சைக்கொல்லி கலந்த டேங்கை மட்டும் நன்றாகக் கழுவாமல் எடுக்கக் கூடாது. எழுப்ப வேண்டிய படை டேங்குக்குள்ளேயே செத்துப்போகும்.