சேர்டிபிகேட் இருக்கிறது, லொறி புகைக்கிறது

பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கத் தோட்டங்களுக்கு அரிசி, மா, சீனி ஏற்றிப்போகும் நம்மவர்களின் லொறிகள் எல்லாவற்றுக்கும் புகைச் சான்றிதழ் இருக்கிறது. அது இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாதே! ஆனாலும் ஏற்றத்தில் கக்கும் கரும்புகையை யார்தான் பார்க்கவில்லை? என்னுடைய லொறியும் அப்படித்தான். பரிசோதனையில் பாஸாகி இரண்டாம் மாதமே, "மொதலாளி, பின்னால வாற பஸ்காரன் ஏசுறான்" என்று சாரதி வந்து நின்றார்.

காரணம் இதுதான். 2008இல் மேல் மாகாணத்தில் ஆரம்பித்த இந்தப் பரிசோதனையில், டீசல் வாகனத்தை நிறுத்தி வைத்து, கியர் போடாமல் அக்சிலேட்டரை மிதித்துத்தான் புகையை அளக்கிறார்கள். மூடை ஏற்றி மலை ஏறும்போது என்ஜின் படும் பாடு அங்கே தெரியாது.

ஓடும் வாகனத்தின் புகையை வீதியிலேயே அளக்கும் கருவியும் உலகில் உண்டு. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் குழுவினர் 1980களின் இறுதியில் செய்தது. வீதியின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத கதிர் பாய்கிறது. வாகனம் கடந்ததும் அதன் பின்னால் பரவும் புகையை அரை விநாடிக்குள் அளக்கிறது. காபனீரொட்சைட்டுக்கு மற்ற நச்சு வாயுக்கள் என்ன விகிதம் என்று பார்ப்பதால், புகை காற்றில் கலந்தாலும் கணக்குப் பிழைக்காது. கமரா இலக்கத்தகட்டைப் படம் பிடித்துவிடும். அவர்கள் கண்ட உண்மையைக் கேளுங்கள்: காபனோரொட்சைட்டில் ஏறக்குறைய பாதியைக் கக்குவது பத்தில் ஒரு பங்கு வாகனங்கள்தான்! மீதி ஒன்பது பேரும் அந்த ஒருவனுக்காக வரிசையில் நிற்கிறோம்.

கொல்கத்தாவில் 2009இல் இதைக் கொண்டுவந்தார்கள். ஹொங்கொங்கில் 2014 செப்டெம்பர் 1 முதல் பெற்றோல், எரிவாயு வாகனங்களை இப்படிப் பிடிக்கிறார்கள். அகப்பட்டவர் 12 வேலை நாட்களுக்குள் திருத்தி, உருளை மேல் ஓட்டிக்காட்டிப் பாஸாக வேண்டும். தவறினால் லைசன்ஸ் போகும்.

நமது மலைநாட்டுக்குச் சரிவருமா? வாகனங்கள் ஒவ்வொன்றாக வரவேண்டும், இலேசான ஏற்றம் வேண்டும். இரண்டும் நம்மிடம் தாராளம். ஆனால் இறக்கத்தில் அக்சிலேட்டரை விட்டு வந்தால் அளவு சரிவராது. மழையும் பனிமூட்டமும் கதிரை மறைக்கும். புகைக்குழாய் உயரத்தில் உள்ள லொறிகள் தப்பிவிடும். டீசல் லொறிதான் நமது தலையிடி, அதற்கு இது முழு மருந்தல்ல என்பது என் அபிப்பிராயம்.

என் லொறியைக் கராஜில் திறந்து பார்த்தபோது, தோட்டத்துப் பாதைத் தூசியால் எயார் பில்டர் அடைத்திருந்தது, ஓர் இன்ஜெக்டர் ஒழுகியது. பில்லைக் கண்டு மனம் கசந்ததுதான். இப்போது அதே டாங்க் டீசலில் லொறி இன்னுமொரு தோட்டம் கூடப் போய் வருகிறது.