பெரும்போகத்தோடு வரும் தாராக்கள்

கிண்ணியாவில் எங்கள் வீட்டுக்கு மேலால் இரவில் ஒரு விசில் சத்தம் போகும். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து சேர்ந்து, விட்டு விட்டுக் கேட்கும். ஒக்டோபரில் மழை விழுந்து பெரும்போக விதைப்புத் தொடங்கினால் சத்தம் கூடும். போன வருடம் வகுப்பில் ஒரு மாணவி, "சேர், அது ரஷ்யாவில இருந்து வாற தாராவா?" என்று கேட்டாள். "ஓம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னபோது சிரித்தார்.

"விசிலடிக்கிறது நம்மட ஊர்த் தாரா, மகன். வெளியில இருந்து வாறது சத்தமே போடாது. ராவோட ராவா வந்து விழும். சுபஹ் தொழுதுட்டுப் போய்ப் பார்த்தாக் களப்பில கறுப்பாக் கிடக்கும்."

தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, அன்னத்தையும் நாரையையும் பாட்டில் மட்டுமே பார்த்த எனக்கு இது புதுச் செய்தி. வாப்பா ஒரு காலத்தில் வேட்டைக்காரர். அனுமதிப்பத்திரத்தோடு ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று வைத்திருந்தார். யுத்தம் தொடங்கிய வருடங்களில் ஊரிலிருந்த மற்றத் துவக்குகளோடு அதுவும் ஒப்படைக்கப்பட்டது. துவக்கு போய்விட்டது, அது பழக்கிய கண்ணும் காதும் இன்னும் அவரிடம் இருக்கின்றன. அடுத்த நாள் வகுப்பில் என் பிழையைத் திருத்தினேன். அதிலிருந்து தேடத் தொடங்கியதுதான் கீழே வருவது.

விசிலடிப்பதன் பெயர் சீழ்க்கைச் சிறகி. செங்கபில நிறம், நீண்ட கழுத்து. வருடம் முழுக்க நம் குளங்களில் இருந்து இங்கேயே குஞ்சு பொரிக்கும். வலசை வருகிறவற்றில் இலங்கையில் அதிகம் காணப்படுவது நீலச்சிறகி. கிளுவை என்பது பழைய பெயர். ஒன்றின் நிறை 300 முதல் 400 கிராம் வரைதான். வீட்டுத் தாராவோடு வைத்துப் பார்த்தால் குஞ்சு மாதிரி இருக்கும். அடுத்தது ஊசிவால் தாரா. இவற்றோடு அகப்பை மாதிரி அலகுள்ள ஒரு தாராவும், நெற்றியில் வெண்மஞ்சள் பட்டையுள்ள ஒரு தாராவும் சேர்ந்து வரும். ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரந்த புல்வெளி ஏரிகளிலும் சதுப்புகளிலும் இவை கோடையில் குஞ்சு பொரிக்கின்றன. குளிர் வந்து தண்ணீர் உறையுமுன் புறப்பட்டுவிடும்.

புறப்படுமுன் ஒரு விசயம் நடக்கிறது. குஞ்சு பொரித்த பிறகு தாராக்கள் சிறகின் பறக்கும் இறகுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உதிர்த்துவிடும். மூன்று நான்கு கிழமைக்குப் பறக்கவே முடியாது. அந்தக் காலத்தில் ஆண் பறவையும் தன் வண்ணத்தை இழந்து, மறைந்து இருக்க வசதியாகப் பேடு மாதிரி மண்ணிறமாகிவிடும். அந்த உடுப்போடுதான் ஒக்டோபரில் நம்மிடம் வருகிறது. நீலச்சிறகி ஆணின் கண்ணுக்கு மேல் ஓடும் வெள்ளைக் கோடு ஜனவரி, பெப்ரவரியில்தான் தெளிவாகத் தெரியும். "முதல்ல வாறதெல்லாம் பேடு, ஆண் பின்னாலதான் வரும்" என்று வாப்பா இவ்வளவு காலமும் நம்பியிருந்தார். இதில் பிழை அவருடையது. சொன்னேன், யோசித்துவிட்டு, "அப்ப அதுதான் தையிலதான் வெள்ளைக்கோடு கண்டம்" என்றார்.

நம் பேச்சில் தாரா வேறு, வாத்து வேறு. வாத்து என்றால் பெரியது, வீட்டு வாசலில் ஆளை விரட்டுவது. அதன் காட்டு இனத்தில் நமக்குக் கிட்ட வருவது வரித்தலை வாத்து. மொங்கோலியாவிலும் திபெத் மேட்டுநிலத்திலும் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து இந்தியாவுக்கு வருகிறது. செய்மதிக் கருவி பூட்டி அனுப்பியபோது ஒரு பறவை 7,290 மீற்றர் உயரத்தில் பறந்தது பதிவாகியுள்ளது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை அது வழமையாக வரும்; கடலைத் தாண்டி இலங்கைக்கு வருவது மிக அருமை. புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார், குமரித் துறையில் இரை தின்று வடமலைக்குத் திரும்பும் அன்னச் சேவலைக் கூப்பிட்டுத் தூது சொல்கிறார். சத்திமுத்தப் புலவரின் நாரையும் குமரிக்கு வந்து வடக்கே போகிற பறவைதான். அன்னம் என்பது எந்தப் பறவை என்ற வழக்கு தீராது, நான் அதற்குள் போகவில்லை. ஆனால் வடக்கே போவதும் தெற்கே வருவதும் அந்தப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. படிப்பித்த இத்தனை வருடத்தில் அதை உவமை அழகு என்றுதான் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பாதைக்கு இன்று மத்திய ஆசிய வலசைப்பாதை என்று பெயர். ரஷ்யாவின் வடமுனைக் கரையிலிருந்து இந்து சமுத்திரம் வரை 30 நாடுகள் அதில் அடங்கும். அதன் தென்முனையில் நாம் இருக்கிறோம். இலங்கையின் தென்கரைக்கு அப்பால் அந்தாட்டிக்கா வரைக்கும் பெருநிலம் எதுவுமில்லை. இங்கே இடமில்லையென்றால் அதுகள் முன்னால் போவதற்கு வழியில்லை.

வந்த தாரா பகலில் தூங்கும், இரவில் மேயும். கொட்டியாரக் குடாவை ஒட்டிய களப்புகள், தம்பலகாமம் குடா, குச்சவெளிப் பக்கத்துப் பெரியகரைச்சி மாதிரி அகன்ற தண்ணீரில் பகலைக் கழித்துவிட்டு, வெளிச்சம் மங்கும்போது வயலுக்கும் குளத்துக்கும் எழும்பும். விதைத்த நெல்லையும் தின்னும், களை விதைகளையும் தின்னும். நெல்லைத் தின்றதை மட்டும்தான் விவசாயி பார்க்கிறான். வேட்டைக்காரன் பார்ப்பது அது எழும்பும் நேரத்தை. களப்புக்கும் வயலுக்கும் இடையில் அது பறக்கும் கோடு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. வரம்பில் குந்தியிருந்தால் தலைக்கு மேலால் வரும். மக்ரிபுக்குச் சற்று முன்னும் பின்னுமாக அரை மணித்தியாலம்தான் வேட்டை. அந்த மாதங்களில் வாப்பாவுக்கு மக்ரிப் ஜமாஅத் தவறியது பற்றி உம்மா இன்றும் குறை சொல்லுவா.

சுட்ட தாரா பெரும்பாலும் தண்ணீரில்தான் விழும். இங்கேதான் மார்க்கம் குறுக்கே நிற்கிறது. அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வேட்டையின் சட்டங்களைச் சொல்லிக்கொடுத்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அல்லாஹ்வின் பெயர் சொல்லி அம்பெய்ததைச் சாப்பிடலாம். ஆனால் அது தண்ணீரில் விழுந்து இறந்து கிடந்தால் சாப்பிடக்கூடாது. கொன்றது அம்பா, தண்ணீரா என்று தெரியாது என்பது காரணம். துவக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அம்பு கூர்மையால் கிழிக்கிறது, குண்டு அடித்துக் கொல்கிறது. ஆகவே குண்டால் இறந்தது ஆகாது, உயிரோடு பிடித்து அறுத்தால்தான் ஹலால் என்பது நாம் ஓதும் ஷாபிஈ கிதாபுகளின் நிலை. இக்கால அறிஞர் பலர் துளைத்துச் செல்லும் குண்டை அம்போடு சேர்த்து ஆகுமாக்கியிருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. எங்கள் ஊரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். சுடுபவரோடு ஒரு பொடியன் கத்தியோடு நிற்பான். விழுந்ததும் இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய், துடிப்பு அடங்குமுன் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும். பிந்தினால் அந்தத் தாராவை விட்டுவிட வேண்டியதுதான். "விட்டது நிறைய. அதனாலதான் இருட்டினாப் பிறகு நாங்க சுடுறதில்ல. விழுந்தது எங்க கிடக்குன்னு தெரியாது" என்றார் வாப்பா. சட்டப் புத்தகம் வைத்த எல்லையல்ல அது.

தாரா எங்கிருந்து வருகிறது என்பதை வேட்டைக்காரர்களால் சொல்ல முடியவில்லை. பீரங்கிப் படை அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இலங்கையில் இருந்து, திருகோணமலையிலும் பணிசெய்த வில்லியம் வின்சென்ட் லெக், இந்நாட்டுப் பறவைகளைப் பற்றி மிக விரிவான நூலை எழுதினார். எந்த மாதம் எது வரும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு தனிப் பறவை எங்கிருந்து புறப்பட்டு இங்கே வந்தது என்று காட்ட அவரிடமும் வழியில்லை. வழியைக் கண்டவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. டென்மார்க்கின் வீபோர் நகரத்து ஹான்ஸ் மோர்ட்டென்சன் 1899இல் மைனாவின் இனத்துப் பறவைகளின் காலில் இலக்கமும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். பின்னர் தாராக்களுக்கும் மாட்டினார். வளையத்தைத் திருப்பி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் வேட்டைக்காரர். சுட்டவன் கடிதம் எழுதியதால்தான் பாதை தெரிந்தது.

நம் பக்கத்தில் இந்த வேலையைப் பெரிதாகச் செய்தவர் ஸாலிம் அலி. 1896 நவம்பர் 12இல் பம்பாயில் பிறந்தவர். சிறுவனாக வளித்துவக்கால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. முஸ்லிம்கள் சாப்பிடக்கூடிய குருவிதானா என்று சந்தேகம். மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கேட்க, அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே பாடம்செய்து வைத்த பறவைகளைப் பார்த்தவர் பிறகு அதை விட்டு வரவேயில்லை. ஹலாலா என்ற ஒரு கேள்வி இந்தியப் பறவையியலின் வாசலாக இருந்ததை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு அவர் தொடங்கிய வளையமிடும் திட்டத்தில், நமக்கு எதிர்க்கரையிலுள்ள கோடியக்கரையும் பின்னர் ஒரு முக்கிய இடமானது. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையமிட்ட தாராக்கள் சோவியத் நாட்டில் அகப்பட்டன.

அதே பரத்பூரில்தான் 1938 நவம்பர் 12இல், தற்செயலாக ஸாலிம் அலியின் 42ஆவது பிறந்த நாளில், வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் யார் சாப்பிட்டிருப்பார்கள்? அந்த இடம் 1982இல் தேசியப் பூங்காவானது.

வளையம் இரண்டு புள்ளிகளை மட்டும் தரும்: மாட்டிய இடம், அகப்பட்ட இடம். இடையிலுள்ள பாதையைக் காட்டுவது முதுகில் பூட்டும் செய்மதிக் கருவி. அதன் பாரம் பறவையின் நிறையில் 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. 400 கிராம் நீலச்சிறகிக்கு 12 கிராம். அதற்குள் சூரியக்கலம், மின்கலம், அனுப்பும் கருவி எல்லாம் அடங்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பூட்டிய 'மேகா' என்ற கடற்காகம் 2021இல் வட ரஷ்யாவின் யாமல் தீபகற்பம் வரை போய், திரும்ப மன்னாருக்கே வந்தது. ஒரு துளி இரத்தம் சிந்தாமல் கிடைத்த செய்தி.

இன்று இலங்கையில் வலசைத் தாராவைச் சுடுவதும் பிடிப்பதும் விற்பதும் குற்றம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1993இலும் 2009இலும் திருத்தப்பட்டு இறுகியிருக்கிறது. ஆனால் துவக்குச் சத்தம் நின்ற இடத்தில் சத்தமில்லாத வலை வந்திருக்கிறது. களப்போரம் இரவில் கட்டி, விடியுமுன் அவிழ்த்துவிடுகிறார்கள். ஊர் பேர் சொல்லத் தேவையில்லை, வாசிப்பவர்களுக்குத் தெரியும். கேட்டால் "ஹலால்தானே சேர்" என்கிறார்கள். தாராவின் இறைச்சி ஹலால்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. விடியும்வரை வலையில் தொங்கி, பாதி தண்ணீரில் அமிழ்ந்து செத்ததை அறுத்துவிட்டு ஹலால் என்று விற்கிறவனிடம்தான் அதீ (ரலி) அவர்களின் ஹதீஸைக் கேட்க வேண்டும். தேவையின்றிக் கொன்ற சிட்டுக்குருவிக்கும் மறுமையில் கேள்வி உண்டு என்று நஸாயீயில் வருகிறது.

சுட்ட காலமும் அப்பழுக்கில்லாத காலமல்ல. துவக்கு உமிழ்ந்த ஈயச் சன்னங்கள் சேற்றில் கிடக்கும். இரையை அரைக்கச் சிறுகல் விழுங்கும் தாரா அதையும் விழுங்கி நஞ்சேறிச் சாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தை 1991இலேயே நாடு முழுக்கத் தடைசெய்துவிட்டார்கள். வாப்பா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

களப்பிலோ வலையிலோ காலில் வளையமுள்ள பறவை யாருக்காவது அகப்பட்டால், உயிரோடிருந்தால் வளையத்தைக் கழற்றாமல் இலக்கத்தை எழுதிக்கொண்டு விட்டுவிடுங்கள். செத்திருந்தால் வளையத்தை எடுத்து வையுங்கள். இலக்கம், இடம், திகதி மூன்றும் போதும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் களப் பறவையியலாளர் குழுவுக்கு அனுப்பலாம். யார் பிடித்தது என்பதை விட எங்கே, எப்போது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது.

நாங்கள் வகுப்பில் ஒரு கொப்பி போட்டிருக்கிறோம். ஐந்து பிள்ளைகள், ஒரு பழைய தொலைநோக்கி. வரம்பில் எங்கே நிற்பது என்று சொல்லித்தர வாப்பா. இந்த வருடம் முதல் வரியை அன்று கேள்வி கேட்ட அதே மாணவி எழுதினாள்: ஒக்டோபர் 11, சுபஹுக்குப் பிறகு, எட்டு நீலச்சிறகி, ஆண் பெண் தெரியவில்லை.