செயின் இல்லாத மோட்டாருக்குக் கவனிப்பும் வேண்டாமா?

இரவு பதினொரு மணி. கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் வேலை முடித்து, கிள்ளானுக்குத் திரும்பிக் கொண்டிருக்கிறாள் ஒரு பெண். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் பாதித் தூரம் வந்தபோது ஸ்கூட்டரின் என்ஜின் திடீரென்று அலறுகிறது. ஆனால் வண்டி முன்னே போகவில்லை. முறுக்க முறுக்கச் சத்தம்தான் கூடுகிறது, பின் சக்கரத்தில் இழுவை இல்லை. தள்ளிக்கொண்டு ஓரம் போனவள் வீட்டுக்குப் போன் செய்கிறாள்.

"அப்பா, வண்டி நின்னு போச்சுப்பா. என்ஜின் ஓடுது, வீல் சுத்தமாட்டேங்குது."

"பெட்ரோல் இருக்காம்மா?"

"இருக்குப்பா. பாதி டாங்கி இருக்கு."

"போன வாரம்தானே மிஞாக் ஹீத்தாம் மாத்தினோம்! பிறகு என்னவாம்?"

பெயர்களையும் ஊர்களையும் மாற்றிப் போட்டால் இது நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கக்கூடிய உரையாடல்தான். அந்தத் தந்தை அக்கறையில்லாதவர் அல்லர். மகளின் வண்டிக்குத் தவறாமல் எண்ணெய் மாற்றியவர்தான். முப்பது ஆண்டுகள் கப்சாய் ஓட்டிப் பழகிய கண்ணோடு அவர் ஸ்கூட்டரைப் பார்த்தார், சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கப்சாய் மோட்டாரில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். செயின் தளர்ந்தால் சடசடவென்று சத்தம் போடும், துருப்பிடித்தால் சிவக்கும். வீட்டு வாசலிலேயே ஸ்பேனரை எடுத்து இறுக்கி, நாலு சொட்டு எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. ஸ்கூட்டரில் செயின் கிடையாது, கியர் மிதிக்க வேண்டியதும் இல்லை. பிளாஸ்டிக் உறைகள் எல்லாவற்றையும் அழகாக மூடியிருக்கின்றன. பெண் பிள்ளைகளும் வயதானவர்களும் அதை விரும்பி வாங்குவதற்கு அதுதான் காரணம். அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதற்கும் அதுவேதான் காரணம். மூடியிருப்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுமா?

வண்டியின் இடப்பக்கம், கால் வைக்கும் தட்டுக்குப் பின்னால் நீளமான ஓர் உறை இருக்கிறது. அதற்குள் முன்னே ஒரு கப்பி, பின்னே ஒரு கப்பி, இரண்டையும் இணைக்கும் ஒரு ரப்பர் பெல்ட். முன் கப்பிக்குள் பெரும்பாலும் ஆறு சிறிய ரோலர்கள் இருக்கும். திருவிழா ராட்டினம் வேகமெடுக்கும்போது தொங்கும் நாற்காலிகள் வெளியே விரிகின்றன அல்லவா? அதே விசைதான் இங்கும். என்ஜின் வேகம் கூடும்போது ரோலர்கள் வெளிப்புறமாகப் போய்க் கப்பியின் தட்டுகளை நெருக்குகின்றன. நெருக்கப்பட்ட பெல்ட் முன் கப்பியில் மேலேறுகிறது, பின் கப்பியில் உள்ளே இறங்குகிறது. சைக்கிளில் பல்சக்கரம் மாற்றுவது போன்ற அந்த வேலையைத்தான், ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே பெல்ட் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது.

இந்தப் பெல்ட் இரும்புத் தட்டுகளுக்கு இடையில் வெப்பத்தில் உராய்ந்துகொண்டே இருப்பது. தேயத்தான் செய்யும். அகலத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்தாலே அது இருக்க வேண்டிய இடத்தில் இராது. நாளடைவில் ரப்பர் இறுகி, பற்களுக்கு இடையில் வெடிப்பு விடும். அப்படியும் கவனிக்காமல் ஓட்டினால் ஒரு நாள் அறுந்து போகும். கிள்ளான் பெண்ணுக்கு நடந்தது அதுதான். அவள் மோட்டார் தடத்தில் இருந்தது நல்ல காலம். அதே பெல்ட் பெரிய சாலையில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது அறுந்திருந்தால் வண்டி சட்டென்று வேகம் இழந்திருக்கும்.

அறுவதற்கு முன்பு பெல்ட் சில சமயம் எச்சரிக்கை கொடுக்கும். சமிக்ஞை விளக்கில் நின்று புறப்படும்போது வண்டி நடுங்கும். முன்பு எளிதாக எட்டிய வேகத்தை எட்டச் சிரமப்படும். இடப்பக்க உறைக்குள் கீச்சென்றோ கடகடவென்றோ சத்தம் கேட்கும். ரோலர்கள் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிகள் வரலாம் என்பதால் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் அறுந்த பெல்ட்டுகளும் உண்டு. ஆகவே கிலோமீட்டர் கணக்கை நம்புவதே புத்திசாலித்தனம். பல மாடல்களின் கையேடுகள் 20,000 முதல் 25,000 கிலோமீட்டருக்குள் பெல்ட்டை மாற்றச் சொல்கின்றன, அதற்கு முன்பே சில தடவை திறந்து பார்க்கவும் சொல்கின்றன. தங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. அந்தக் கையேடு பெரும்பாலான வீடுகளில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

"வாங்கி ஒன்றரை வருசம்தானே ஆகிறது, புது வண்டிதானே" என்று சொல்கிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மாதம் 25 நாள் வேலை என்றால் 1,500 கிலோமீட்டர். ஒன்றரை வருசத்தில் 27,000. அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் பார்வைக்குப் புதியது, பெல்ட்டோ தன் ஆயுளை முடித்துவிட்டது. உணவு விநியோகம் செய்யும் இளைஞர் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர், விடுமுறையில்லாமல் ஓட்டினால் எட்டே மாதத்தில் 24,000 வந்துவிடும்.

எண்ணெய் விஷயத்திலும் கப்சாய் பழக்கம் கொஞ்சம் குழப்புகிறது. சிறிய ஸ்கூட்டர்களில் பலவற்றுக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர் என்ஜின் எண்ணெய்தான் பிடிக்கும். அதில் கால் லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். எனவே மாற்றும் நாள் வரை காத்திராமல் இடையில் அளவு பார்க்க வேண்டும். சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவுக்கோலை எடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் அளவு பொய் சொல்லும்.

போத்தலின் மேல் இருக்கும் எழுத்தையும் படிக்க வேண்டும். கப்சாயின் கிளட்ச் என்ஜின் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பது. அதற்கு எம்ஏ வகை எண்ணெய் தேவை. ஸ்கூட்டரின் கிளட்ச் தனியாக உலர்ந்த இடத்தில் இருப்பதால், வழுக்கும் தன்மை கூடிய எம்பி வகை எண்ணெய் அதற்கென்றே வருகிறது. ஒரே வீட்டில் அப்பாவுக்குக் கப்சாய், மகளுக்கு ஸ்கூட்டர் என்றிருந்தால் மிச்சமான ஸ்கூட்டர் எண்ணெயைக் கப்சாயில் ஊற்றிவிடக் கூடாது. கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும்.

இன்னோர் எண்ணெயும் இருக்கிறது. அதுதான் பலருக்கும் தெரியாதது. பின் சக்கரத்தின் அருகே ஒரு சிறிய கியர் பெட்டி. அதில் 100 மில்லிலிட்டரை ஒட்டிய அளவு கியர் எண்ணெய், ஒரு சின்ன டம்ளருக்குக்கூடக் காணாது. "மிஞாக் ஹீத்தாம் மாத்துங்க" என்று மட்டும் சொன்னால் எல்லாப் பட்டறையிலும் இதைத் தொடுவார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பெட்டியின் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் அது பக்கத்திலிருக்கும் பின் டிரம் பிரேக்குக்குள் இறங்கலாம். எண்ணெய் பட்ட பிரேக் கட்டை பிடிக்காது. பின் சக்கரத்தைச் சுற்றி ஈரமாக எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அன்றைக்கே போமனிடம் காட்ட வேண்டும்.

பிரேக் என்று வரும்போது ஸ்கூட்டருக்குக் கூடுதல் கவனம் அவசியம். கப்சாயில் மலையிறங்கும்போது கியரைக் குறைத்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும். ஸ்கூட்டரில் அந்த உதவி குறைவு, வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் தானாகவே விட்டுவிடும். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குகிறவர் முழுப் பாரத்தையும் இரண்டு பிரேக்குகள் மீதுதான் போடுகிறார். டிரம் பிரேக்கின் வெளிப்புறத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அது பக்கத்திலுள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் கட்டையின் காலம் முடிந்தது. கேபிளை மேலும் இறுக்குவது தீர்வாகாது. டிஸ்க் பிரேக்கானால் கைப்பிடி அருகிலுள்ள சிறு கண்ணாடியில் பிரேக் திரவத்தின் மட்டம் தெரியும். மட்டம் இறங்கினால் பேட் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது என்று பொருள். காரணம் பார்க்காமல் திரவத்தை மட்டும் ஊற்றி நிரப்புவது ஆபத்தான சமாதானம். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய திரவம் சூட்டில் கொதித்தால் பிடி மெத்தென்று உள்ளே போய்விடும். அதனால்தான் இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். வண்டியைப் பளபளப்பாக்கும் மெழுகையும் டயர் மினுக்கும் திரவத்தையும் டிஸ்க் மீதோ டயரின் தரைபடும் பகுதியிலோ படவிடுவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஸ்கூட்டரின் சக்கரங்கள் சிறியவை. அதே தூரத்துக்கு அதிகம் சுற்றுகின்றன, சாலைக் குழியிலும் ஆழமாக இறங்குகின்றன. காற்று குறைந்த டயரோடு குழியில் விழுந்தால் ரிம் வளையும். ஒரு 125 சிசி ஸ்கூட்டருக்கு முன்னே 29, பின்னே 33 பிஎஸ்ஐ என்பது வழக்கமான அளவு. பெட்ரோல் நிலைய மீட்டர் கிலோபாஸ்கலில் காட்டினால் 200, 225. காலையில், டயர் சூடேறுவதற்கு முன் பார்ப்பதே சரியான அளவு. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. மலிவு விலையில் கிடைக்கும் 'புது' டயரை மாட்டச் சொல்வதற்கு முன் அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

மழைக்கால வெள்ளம் இன்னொரு சோதனை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெல்ட் உறைக்குச் சூடு தணிய காற்று போகும் வழி உண்டு, அதன் வழியே தண்ணீரும் போகும். நனைந்த பெல்ட் வழுக்கும். வண்டி மூழ்கியிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளே இரும்புத் தண்டு வளைந்துவிடும். அளவுக்கோலில் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் தெரிந்தால் தள்ளிக்கொண்டுதான் பட்டறைக்குப் போக வேண்டும்.

விளக்கு, பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன் விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி 1992ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் என்ற நிலையில் அந்த விளக்கு அலங்காரமல்ல. வலக்கைப் பிடியை அழுத்தினாலும் இடக்கைப் பிடியை அழுத்தினாலும் பின் விளக்கு எரிகிறதா என்று சுவர் அருகில் நிறுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். பல புதிய மாடல்களில் உதைத்து இயக்கும் வசதி இல்லை. காலையில் ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றினால் பேட்டரியை அந்த வாரமே சோதிக்க வேண்டும்.

கிள்ளான் பெண்ணின் தந்தை மறுநாள் பட்டறையில் பக்கத்திலேயே நின்றார். "கழட்டின பெல்ட்டைக் காட்டுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. ரோலர்களையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார், வட்டமாக இருக்க வேண்டியவை ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன. வீட்டுக்கு வந்ததும் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியின் மூடியில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினார். அன்றைய மீட்டர் எண்ணை எழுதி, எதிரே பெல்ட், ரோலர், கியர் எண்ணெய் என்று குறித்தார். அடுத்த பெல்ட்டுக்குரிய எண்ணைச் சிவப்பு மையில் எழுதினார். கப்சாய்க்கும் அப்படி ஒரு தாள் ஒட்டச் சொன்னாள் மகள்.