பின்னால் அமர்பவரும் ஓட்டுகிறார்

தெலுக் இந்தானுக்கு மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வந்திருக்கிறீர்களா? பாலம் ஏறும் இடத்தில் ‘தொம்’ என்று ஒரு தூக்கு, இறங்கும் இடத்தில் இன்னொன்று. ஓட்டும் அண்ணனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. உங்கள் முதுகெலும்புதான் எண்ணிக்கொண்டிருக்கும்.

இதற்கும் ஊர் நடுவே நிற்கும் சாய்ந்த கோபுரத்துக்கும் உறவு உண்டு. 1885-இல் லியோங் சூன் சூங் கட்டிய அந்த 25.5 மீட்டர் கோபுரம், தண்ணீர்த் தொட்டியின் எடையையும் சுமந்துகொண்டு மென்மையான மண்ணில் ஒரு பக்கமாக அமுங்கியது. இத்தகைய மண்ணில் போட்ட சாலையும் ஆண்டுகள் செல்லச் செல்ல அமுங்கும். பாலமோ ஆழத்தில் இறக்கிய தூண்களின்மேல் நிற்பதால் அசையாது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி உண்டாகிவிடுகிறது.

சரி, அந்தப் படி ஏன் உங்களை மட்டும் தூக்கிப் போடுகிறது? பேருந்தின் கடைசி இருக்கையை நினைத்துப் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இருப்பவருக்குப் பாதிக் குலுக்கல்தான். பின்சக்கரத்துக்கு மேலே இருப்பவருக்கு முழுக் குலுக்கல். க்ரூசர் வகை மோட்டார் சைக்கிளில் இது இன்னும் மோசம். நீளமான உடல், தாழ்ந்த இருக்கை, முன்னால் நீட்டிய கால்கள் என்று எல்லாமே ஓட்டுபவரின் சுகத்துக்காக அமைந்தவை. கெடா, குரூனில் மோடெனாஸ் தயாரித்த ஜாகு 175-ஐப் பழைய வண்டிப் பிரியர்களிடம் இன்றும் பார்க்கலாம். பின்னிருக்கை எங்கே இருக்கிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். கிட்டத்தட்ட பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலேயே இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 255 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தில் 115, பின்சக்கரத்தில் 140. இப்போது 55 கிலோ எடையுள்ள நீங்கள் பின் அச்சுக்கு நேர் மேலே ஏறி அமர்கிறீர்கள். முன்சக்கரத்துக்கு ஒன்றும் மாறாது. பின்சக்கரத்தின் சுமை மட்டும் 195 ஆகிவிடும், அதாவது ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதல். நீங்கள் இன்னும் 10 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி அமர்ந்தால் நெம்புகோல் விதி வேலை செய்யத் தொடங்கும். சக்கரங்களுக்கு இடையே 1.6 மீட்டர் என்றால், முன்சக்கரத்திலிருந்து மூன்றரை கிலோ குறையும். வண்டியைத் திருப்புவது அந்தச் சக்கரம்தான். ஆகவே ஓட்டுபவரை ஒட்டி அமர்வது கூச்சப்படவேண்டிய விஷயமே அல்ல.

அந்தக் கூடுதல் 55 கிலோவைத் தாங்குவது பின்பக்கச் சுருள்வில். பட்டறையில் ‘அப்சோர்பர்’ என்பார்கள். சுமை கூடக் கூட வில் அதிகமாக அமுங்கும் என்பது ஹூக் விதி. க்ரூசரில் வில் அசைவதற்கான இடமே குறைவு. நீங்கள் ஏறியதும் பாதி இடம் போய்விட்டால், பாலத்துப் படியில் மீதியும் தீர்ந்து இரும்போடு இரும்பு மோதும். முன்பு சொன்ன ‘தொம்’ அதுதான். பல வண்டிகளில் அப்சோர்பரின் அடியில் படிப்படியாகத் திருகும் வளையம் இருக்கும். இருவர் போகும்போது ஒன்றிரண்டு படி இறுக்கினால் வில்லுக்கு அசைய இடம் கிடைக்கும். இரண்டு நிமிட வேலை, ஆனால் செய்பவர்கள் குறைவு.

டயருக்கும் இதே கதை. 200 கிலோபாஸ்கல் காற்று இருந்தால், 140 கிலோவைத் தாங்க டயர் தரையில் சுமார் 69 சதுர சென்டிமீட்டர் படிய வேண்டும். 195 கிலோ என்றால் சுமார் 95. அத்தனை தூரம் நசுங்கி நசுங்கிச் சுழலும் டயர் சூடாகும், வளைவில் நெளியும். அதனால்தான் வண்டியில் ஒட்டியுள்ள குறிப்பிலோ கையேட்டிலோ இருவர் செல்லும்போது எவ்வளவு காற்று என்று தனியாகப் போட்டிருப்பார்கள்.

பிரேக் பிடிக்கும்போதுதான் உண்மையான ஆபத்து. மணிக்கு 80 கிலோமீட்டரில் தனியாகப் போகும் ஒருவர் 40 மீட்டரில் நிற்கிறார் என்றால், அதே அழுத்தத்தில் பிரேக்கைப் பிடித்தும் இருவரோடு நிற்க ஏறக்குறைய 49 மீட்டர் ஆகும். முன்னால் திடீரென நின்ற செம்பனை லோரிக்கு அந்த 9 மீட்டர் தெரியாது. போதாததற்கு நிலைமம் உங்களை முன்னே தள்ளும். நீங்கள் எதையும் ஊன்றிக்கொள்ளாவிட்டால் ஏறக்குறைய 30 கிலோ மூட்டை ஓட்டுபவரின் முதுகில் சரிந்தது போலிருக்கும். அந்த விசை அவர் கைகள் வழியாக ஹேண்டிலுக்குப் போனால் வண்டியைத் திருப்பவே முடியாது. கால்மிதியில் பாதங்களை அழுத்தி, முழங்கால்களால் இருக்கையை இறுக்கிக்கொள்ளுங்கள். பாதம் கால்மிதிக்கு எட்டாத தம்பி தங்கையைப் பின்னால் ஏற்றாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

ஒரு பக்கமாக அமரும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். சேலை கட்டிய அம்மா ஒரு பக்கமாக அமர்ந்தால் வண்டி சாய்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் அந்தச் சாய்வு இரண்டு பாகைகூட வராது. ஓட்டுபவர் எளிதாகச் சமாளிப்பார். சிக்கல் வேறு: ஊன்றிக்கொள்ள முழங்காலும் இல்லை, மறு பாதமும் இல்லை. முந்தானை பின்சக்கரத்தில் சிக்குவது அதைவிடப் பெரிய ஆபத்து.

இப்போது வளைவுக்கு வருவோம். கோபுரம் சாய்ந்தும் விழாததற்குக் காரணம், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து இறக்கிய தூக்குநூல் இன்னும் அடித்தளத்துக்குள்ளேயே விழுவது. மோட்டார் சைக்கிள் சாயும்போது தூக்குநூல் டயருக்கு வெளியே விழுகிறது. நின்ற நிலையில் அப்படிச் சாய்ந்தால் தரையில் கிடப்பீர்கள். வளைவில் திரும்பிக்கொண்டிருப்பதும், டயரைப் பிடிக்கும் உராய்வும்தான் காப்பாற்றுகின்றன. 80 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் சாய்வு சுமார் 20 பாகை. வியப்பு என்னவென்றால், எடைக்கும் இந்தக் கோணத்துக்கும் தொடர்பே இல்லை. ஒருவர் போனாலும் இருவர் போனாலும் அதே 20.

ஆனால் நீங்கள் பயந்து நிமிர்ந்து உட்கார்ந்தால், அதை ஈடுகட்ட வண்டி மட்டும் ஓரிரு பாகை கூடுதலாகச் சாய வேண்டும். க்ரூசரின் கால்மிதி ஏற்கெனவே தாழ்வு. உங்கள் எடையால் வில் வேறு அமுங்கியிருக்கிறது. கால்மிதி தார்ச்சாலையை உரசித் தீப்பொறி பறக்கும். வளைவு எந்தப் பக்கமோ, ஓட்டுபவரின் அந்தப் பக்கத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பாருங்கள். உடல் தானாகவே சரியாகச் சாயும்.

தலைக்கவசம் பின்னால் அமர்பவருக்கும் 1973 முதல் மலேசியாவில் கட்டாயம். சிரிம் முத்திரை இருக்கிறதா, தாடைப் பட்டை இரண்டு விரலுக்குமேல் நுழையாதபடி இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் பாருங்கள். ஓட்டுபவர் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி ‘ஏறு’ என்று சொன்ன பிறகே ஏறுங்கள். இறங்கும்போது சூடான எக்சோஸ் எந்தப் பக்கம் என்று கவனித்து, மறு பக்கமாக இறங்குங்கள்.