இராகங்களைப் பாடிய இயந்திரம்

பொந்தியானில் வாழும் ஒரு மாணவர் இன்று தம் திறன்பேசியிலேயே நடன இசையை உருவாக்கலாம். அதற்கான செயலிகள் சிலவற்றில் ‘டிபி-303’ என்னும் பழைய கருவியின் ஒலியும் இடம்பெற்றுள்ளது. ‘ஆசிட் ஹவுஸ்’ எனப்படும் மின்னணு நடன இசை இக்கருவியிலிருந்தே பிறந்தது.

ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிபி-303ஐ வெளியிட்டது. தனியாகப் பயிற்சி செய்யும் கித்தார் கலைஞருக்குத் துணையாகப் பேஸ் கித்தாரின் ஒலியை எழுப்புவதே அதன் பணி. ஆனால், அந்த ஒலி உண்மையான கித்தாரைப் போல் இல்லை. வாங்குவோர் குறைந்ததால் 1984இல் அதன் தயாரிப்பு நின்றது.

இதற்கிடையில், இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் இக்கருவியை வேறுவிதமாகப் பயன்படுத்தினார். 1982இல் தபலாவை விலக்கி, டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்களைப் பதிவு செய்தார். அவற்றுள் பூபாளி கர்நாடக இசையின் மோகனத்திற்கும் மால்கௌன்ஸ் இந்தோளத்திற்கும் இணையானவை. டிபி-303, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லக்கூடியது. சுரங்களை இழைத்தும் அசைத்தும் பாடும் நம் இசைக்கு அது பொருந்தியதில் வியப்பில்லை. எனினும், அந்த இசைத்தட்டு விற்பனையாகவில்லை, விரைவில் மறக்கப்பட்டது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில், ‘ஃபியூச்சர்’ குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் பழைய டிபி-303 ஒன்றை மலிவாக வாங்கினர். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகினர். ஒலி நெளிந்தது, கீச்சிட்டது. ரான் ஹார்டி என்பவர் அவ்விசையை நடனக்கூடத்தில் முதன்முறை ஒலிக்கவிட்டபோது ஆடியவர்கள் விலகிச் சென்றனர். அவரோ விடவில்லை. அதே இரவில் நான்காம் முறை ஒலித்தபோது கூடமே ஆர்ப்பரித்தது! ‘ஆசிட் டிராக்ஸ்’ எனும் அப்படைப்பு 1987இல் இசைத்தட்டாக வந்தது. மறு ஆண்டே பிரிட்டன் இளைஞர்களை இவ்விசை ஆட்கொண்டது.

டில்லியில் 2002ஆம் ஆண்டு, நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டுச் சேகரிப்பாளர் எடோ பௌமன் சிங்கின் இசைத்தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் அது மறுவெளியீடு கண்டதும், ஆசிட் ஹவுஸின் தந்தை சிங்தான் எனச் சிலர் கூறினர். இது சற்று மிகை. சிகாகோ இளைஞர்கள் அவருடைய இசையைக் கேட்டதற்குச் சான்றில்லை. ஒரே கருவி, இருவேறு நாடுகளில், இருவேறு கைகளில் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தந்தது என்பதே பொருத்தம். எழுபது வயதைக் கடந்த சிங், ஐரோப்பிய மேடைகளில் அதே இராகங்களை வாசித்தார், இளைஞர்கள் ஆடினர். அவர் 2015இல் காலமானார்.