இரவில் நரி தேடும் வாகனம்: விளக்கு வாங்குமுன் கேட்க வேண்டியவை

டோர்ச் லைட்டும் வாகன விளக்கும் விற்கும் நமது வியாபாரிகள் பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டித்தான் விற்கிறார்கள். அந்த எண் உண்மையா என்பது வாடிக்கையாளருக்கு இருட்டில் நிற்கும்போதுதான் தெரியவரும். இந்த விடயத்தில் அவுஸ்திரேலிய ஆட்டுப் பண்ணைக்காரர்களின் அனுபவம் நமக்கும் பயன்படும்.

19ஆம் நூற்றாண்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஐரோப்பியர் அந்நாட்டுக்குக் கொண்டுவந்த செந்நரி இன்று அங்கு பெரும் தொல்லை. ஆடுகள் குட்டி போடும் காலத்தில் பிறந்த குட்டிகளை அது தூக்கிச் செல்கிறது. நரி இரவில் வருவதால் பண்ணைக்காரர்களும் இரவில் பிக்கப் வாகனத்தில் புறப்படுகிறார்கள். ஒருவர் வாகனம் ஓட்ட, ஒருவர் விளக்கைச் சுழற்ற, அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் துப்பாக்கியுடன் இருப்பார். புதிதாகத் தொடங்குபவர் முதலில் துப்பாக்கியைப் பற்றித்தான் யோசிப்பார். ஆனால் எதைச் சுடுகிறோம் என்று தெரியாவிட்டால் துப்பாக்கியால் நட்டமே மிஞ்சும். ஆகவே முதல் செலவு பார்ப்பதற்கான கருவிக்குத்தான்.

லூமனா, கெண்டெலாவா?

விளக்கிலிருந்து வெளியாகும் மொத்த ஒளியை லூமன் என்பார்கள். ஒரு திசையில் குவியும் ஒளியின் வலு கெண்டெலா. தூரத்தைத் தீர்மானிப்பது கெண்டெலாதான். எப்.எல்.1 என்ற தரநிலைப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகக் குறையும் இடம்வரை உள்ள தூரமே விளக்கின் எட்டும் தூரம். அது ஏறத்தாழ பூரண நிலவின் வெளிச்சம். 10,000 கெண்டெலா விளக்கு 200 மீற்றர் எட்டும். 400 மீற்றர் எட்ட 20,000 போதாது, 40,000 வேண்டும். தூரத்தை இரட்டிப்பாக்க ஒளியை நான்கு மடங்காக்க வேண்டும். நிலவொளி அளவு வெளிச்சத்தில் ஏதோ அசைவது தெரியும், அது நரியா நாயா என்று தெரியாது. எனவே பெட்டியில் உள்ள தூரத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெட்டரியின் கணக்கு

12 வோல்ட் வாகனத்தில் 100 வொட் ஹெலஜன் விளக்கு எட்டு அம்பியருக்கு மேல் இழுக்கும். என்ஜினை நிறுத்திவிட்டு நான்கு மணித்தியாலம் எரித்தால் 33 அம்பியர் மணி போய்விடும். 60 அம்பியர் மணி பெட்டரியில் அது பாதிக்கும் மேல். நடுக்காட்டில் வாகனம் ஸ்டார்ட் ஆகாது. 30 வொட் எல்.ஈ.டி. விளக்குக்கு அதே நேரத்தில் 10 அம்பியர் மணி போதும். மெல்லிய வயர் பொருத்தினால் விளக்கு மங்கும், வயரும் சூடாகும். பெட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும்.

விலையுயர்ந்த கருவிகள்

உடல் வெப்பத்தைக் காட்டும் தேர்மல் கருவி இப்போது பிரபலம். வெளிச்சமே இல்லாமல் புல்லுக்குள் இருக்கும் நரியைக் காட்டும். ஆனால் அது வாகனக் கண்ணாடியை ஊடுருவிப் பார்க்காது. கண்ணாடியை இறக்கித்தான் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் விற்றால் மறுநாளே கருவி கடைக்குத் திரும்பி வரும். அகச்சிவப்பு விளக்குடன் வரும் இரவுக் கெமராவில் 850 நனோமீற்றர் வகை தூரம் எட்டும், ஆனால் விளக்கின் முகத்தில் மங்கிய சிவப்பு தெரியும். 940 வகையில் அது தெரியாது, எட்டும் தூரமும் குறையும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் மினுங்கும் கண்களை மட்டும் பார்த்துச் சுடக்கூடாது. பண்ணை நாயின் கண்ணும் மினுங்கும். இலக்குக்குப் பின்னால் வீடோ, வீதியோ, மனிதரோ இருக்கலாம். விலங்கின் முழு உருவமும் அதன் பின்னால் உள்ள நிலமும் தெரிந்த பிறகே துப்பாக்கிக்கு வேலை.

நமது கடைகளுக்கு

நமது நாட்டில் சிறுத்தையும் மீன்பிடிப் பூனையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. எனவே கோழிப் பண்ணைக்காரருக்கும் வயற்காவல் செய்பவருக்கும் நாம் விற்பது பார்ப்பதற்கும் விரட்டுவதற்குமான வெளிச்சம்தான். யானை வரும் பாதையில் நிற்கும் விவசாயிக்கு அந்த வெளிச்சம் உயிர்ப் பிரச்சினை.

ஆகவே விலையைச் சொல்லுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும்? எத்தனை மணித்தியாலம்? எந்த வாகனம், என்ன பெட்டரி? கையில் பிடிப்பதா, வாகனத்தில் பொருத்துவதா? கொள்வனவு செய்யும்போது எட்டும் தூரம் குறிக்கப்படாத சரக்கை ஒரு மாதிரி மட்டும் எடுத்து, இருட்டிய பின் மைதானத்தில் அளந்து பாருங்கள். 100 மீற்றர் எட்டும் விளக்கை 100 மீற்றர் என்றே சொல்லி விற்றால், அடுத்த பருவத்திலும் அந்த வாடிக்கையாளர் உங்கள் கடைக்கே வருவார்.