குளத்தின் வடிகஞ்சி

எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கத்துக் குளம் கோடையில் பச்சையாகிவிடுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. விஷம் கலந்துவிட்டதா?"

விஷமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பச்சை, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளின் கூட்டம். அவை வெயிலில் உணவு சமைக்கும் கதை பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். என்னை மயக்குவது வேறு. சமைத்ததில் ஒரு பங்கை இவை நீரில் ஒழுகவிட்டுவிடுகின்றன!

என் பாட்டி சோறு வடித்த கஞ்சியைக் கொல்லைத் தொட்டியில் ஊற்றுவாள். மாடு குடிக்கும், பாலாக அடுப்படிக்குத் திரும்பி வரும். குளத்திலும் அதே கணக்கு. வெயில் கொளுத்தும்போது பாசி கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கிக்கொண்டே போகும். உடம்பு வளர்க்கத் தழைச்சத்தும் மணிச்சத்தும் போதாவிட்டால், மிஞ்சியது வெளியே கசியும். பெரும்பாலும் சமைத்ததில் நூற்றுக்கு 5 முதல் 30 பங்கு வரை. நீரில் கரைந்துவிடும் இந்தக் கரிமப் பொருளைக் குடிக்கும் மாடுதான் பாக்டீரியா. பாக்டீரியாவை நுண்ணிய ஒருசெல் உயிரிகள் தின்னும். அவற்றை நீர்த்தெள்ளுகள் தின்னும். அவற்றை மீன்குஞ்சு தின்னும். 1983இல் ஃபாரூக் ஆசம் என்ற விஞ்ஞானியும் சகாக்களும் கடலில் நடக்கும் இந்தச் சுற்றுக்கு 'நுண்ணுயிர் வளையம்' என்று பெயர் வைத்தார்கள். ஏரி குளங்களிலும் அது சுழல்கிறது.

சரி, மீன் ஏன் திணறுகிறது? பகலில் பாசி ஆக்சிஜனை வாரி வழங்கும். இருட்டினால் சமையல் நின்றுபோகும், மூச்சு நிற்காது. பாசியும் பாக்டீரியாவும் மீனும் இரவெல்லாம் இழுக்க, விடியும்போது ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. சாக்கடை கலந்தால் இரட்டைச் சுமை: அதிலுள்ள மணிச்சத்து பாசியைப் பெருக்கும், அழுக்கு பாக்டீரியாவைப் பெருக்கும்.

உங்கள் பக்கத்துப் பஞ்சப்பூரில் திருச்சியின் கழிவுநீரைக் குளங்களில் தேக்கி, இதே பாசியையும் பாக்டீரியாவையும் கொண்டுதான் சுத்திகரித்தார்கள். பாசி ஆக்சிஜன் கொடுக்க, பாக்டீரியா கழிவைத் தின்றது. ஆனால் அவை அதற்கென்றே அளந்து வெட்டிய குளங்கள். மீன் வளரும் ஊர்க்குளத்தின் தலையில் அந்த வேலையைக் கட்டுவது, நாலு பேருக்கு உலை வைத்த பானையில் நாற்பது பேருக்கு அரிசி போடுவதுதான்.

பச்சை ஆடைபோலத் திரண்டு மிதந்தால் மாட்டை இறக்காதீர்கள். நீலப்பச்சைப் பாசிகளில் சில நஞ்சு சுரக்கும். மற்றபடி, ஒரு நாள் கரையைச் சுற்றி நடந்து, எந்தெந்தக் குழாய் குளத்தில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த கடிதத்தை மாநகராட்சிக்கு எழுதுங்கள்.